நான்காம் வகுப்போடு படிப்பை விட்ட மிட்டாய்க்காரர்



நேற்று பேத்தி ஹெர்ஷீஸ் சாக்லேட்டைக் காட்டி, "இது யார் பேரு தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மில்டன் ஹெர்ஷே 1857-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தொழில் மாற்றி ஊர் ஊராக அலைந்ததால், மகன் பள்ளி பள்ளியாக மாறி நான்காம் வகுப்போடு நின்றுவிட்டார். அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள், அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள். பிறகு லங்காஸ்டரில் ஒரு மிட்டாய்க்காரரிடம் நான்கு ஆண்டு தொழில் பழகினார்.

1876-ல் பிலடெல்பியாவில் சொந்தக் கடை வைத்தார். ஆறு ஆண்டில் மூடினார். டென்வரில் வேலை பார்த்தபோது, கேரமல் மிட்டாயில் நல்ல பால் சேர்த்தால் ருசி கூடும் என்று கற்றுக்கொண்டார். அடுத்து நியூயார்க்கில் கடை. 1886-ல் அதுவும் போயிற்று. ஊர் திரும்பியவருக்கு மாமன்மார் இனிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். ஆனாலும் லங்காஸ்டரிலேயே மறுபடி அடுப்பு மூட்டினார். அந்தப் பால் கேரமல்தான் அவரைத் தூக்கிவிட்டது.

1893 சிகாகோ கண்காட்சியில் ஜெர்மனி சாக்லேட் இயந்திரங்களைப் பார்த்து வாங்கினார். 1900-ல் கேரமல் நிறுவனத்தை 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டுச் சாக்லேட்டில் முழுதாக இறங்கினார். வசதியானவர்கள் மட்டும் தின்ற பால் சாக்லேட்டை 5 சென்ட்டுக்குக் கொடுத்தார்.

பிள்ளை இல்லாத அவரும் மனைவி கேத்தரினும் 1909-ல் ஆதரவற்ற சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். மனைவி இறந்த பிறகு, 1918-ல், சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளிக்கே எழுதி வைத்தார். அது ஊருக்குத் தெரிந்ததே 1923-ல்தான். வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற குறை அந்தப் பள்ளியில் இருந்தது. 1968-ல்தான் அது நீங்கியது. பள்ளி இன்றும் நடக்கிறது.

பேத்தியிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. நான் நான்காம் வகுப்பு எடுத்த காலத்தில், வாய்ப்பாடு சொல்லத் திணறிய ஒரு பையனிடம், "நீ மிட்டாய் விற்கத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. நானும் அவன் வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை.

மிட்டாய் விற்பதை இழிவாக நினைத்தது தவறு. ஒன்பது வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை நான் தீர்மானித்தது அதைவிடப் பெரிய தவறு. தம்பி, இது உன் கண்ணில் பட்டால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

வாழ்க வளமுடன்.