தோட்டத்துப் பூனையும் கொக்கிப் புழுவும்



பூனை இல்லாத லயம் உண்டா? அரிசி மூட்டையை எலி கடிக்காமல் காப்பது அதுதான். ஆகவே பூனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அதன் குடலில் வாழும் சில புழுக்களுக்கும் தோட்ட மக்களின் உடல் நலத்துக்கும் இடையே உள்ள நெடுநாளைய தொடர்பை இன்று பார்ப்போம்.

கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை 1909-ஆம் ஆண்டில் முடிந்தது. அதையொட்டி ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் காடு வெட்டினார்கள், கன்று நட்டார்கள், பால்மரம் சீவினார்கள். அவர்களை வாட்டிய நோய்களில் மலேரியாவை எல்லாருக்கும் தெரியும். மற்றொன்று சத்தமில்லாதது. முகம் வெளுக்கும், கால் வீங்கும், நாலு மரம் சீவுவதற்குள் மூச்சு வாங்கும். இத்தகையவருக்குக் கிடைத்த பட்டம் 'சோம்பேறி' என்பதே. இது நம்மவருக்கு மட்டும் நேர்ந்த அவமானமன்று. 1902-இல் அமெரிக்கப் பத்திரிகைகளும் இந்நோயைச் 'சோம்பேறிக் கிருமி' என்றே கேலி செய்தன. இரத்தம் குறைந்தவனைச் சோம்பேறி என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

நோயின் பெயர் சோகை. அதற்குக் காரணம் கொக்கிப் புழு. இத்தாலியில் மிலான் நகர மருத்துவர் டுபினி 1838-இல் ஓர் உடலைப் பரிசோதித்தபோது இப்புழுவைக் கண்டார். 1880-இல் ஐரோப்பாவின் கோட்டார்ட் மலைச் சுரங்கத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இரத்தசோகையில் வீழ்ந்தனர். அதன் பிறகே உலகம் விழித்தது. ஆனால் புழு எப்படி உடலுக்குள் போகிறது? எல்லாரும் வாய் வழியாகத்தான் என்று எண்ணியிருந்தனர். எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளரின் கைமீது ஒருநாள் குஞ்சுப் புழுக்கள் நிறைந்த நீர் தவறிச் சிந்தியது. சிந்திய இடம் அரித்தது, சிவந்தது. பிறகு அவருடைய மலத்திலேயே புழு முட்டைகள் காணப்பட்டன. வெறுங்காலில் ஈர மண்ணை மிதித்தாலே போதும், தோலைத் துளைத்துப் புழு ஏறிவிடும் என்பது இவ்வாறுதான் தெரிய வந்தது.

இனி மலாயாவுக்கு வருவோம். அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப் புழுவை ஆராய்ந்தது. தலைவர் சாமுவேல் டார்லிங். உடன் வந்தவர்கள் பார்பர், ஹாக்கர் என்போர். பேதி மருந்து கொடுத்து, வெளிவந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் அந்த எண்ணிக்கைதான் நம் முன்னோர் சோம்பேறிகள் அல்லர் என்பதற்குச் சாட்சி. ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் மிகக் குறைவே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால், அரைவயிற்றுச் சோற்றில் ஊறிய இரத்தம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அக்காலத்தில் கொடுத்த கீனோபோடியம் எண்ணெய் அளவு மீறினால் நஞ்சாகிவிடும். இன்று நாம் விழுங்கும் சிறு மாத்திரையை அவர்கள் கனவிலும் கண்டதில்லை.

பூனை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். முன்பு சொன்ன அதே லூஸ், 1911-இல் இலங்கைப் புனுகுப் பூனையிடமிருந்து எடுத்த புதிய கொக்கிப் புழு ஒன்றை விவரித்து, 'சிலானிக்கம்' என்று இலங்கையின் பெயரையே வைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1913-இல், லேன் என்ற மருத்துவர் வங்காளத்துச் சிறைக் கைதிகளிடம் அதே புழுவைக் கண்டார். விலங்கின் புழு மனிதனிடம்! ஆனால் இது பிரேசில் நாட்டுப் பூனைகளிடம் காணப்பட்ட வேறொரு புழுவே என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிட்டனர். 1951-இல் பியோக்கா என்ற இத்தாலிய அறிஞர் இரண்டும் வேறு வேறு என்று நிரூபிக்கும் வரை, இலங்கைப் பெயர் கொண்ட புழு ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது.

மலேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுக்கும் திட்டம் 1974-இல் தொடங்கி 1983-இல் நின்றது. மனிதனுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா? 2012-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கிராமப்புறங்களில் கொக்கிப் புழு கண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இந்தச் சிலானிக்கம் இருந்தது. அதே ஊர்களின் நாய் பூனைகளிடமும் இருந்தது. இப்புழு தோல் வழியாகவும் ஏறும், வாய் வழியாகவும் இறங்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, மர நிழலில் உள்ள ஈர மண்ணில் ஒரு வாரத்தில் காலேறத் தயாராகிவிடுகிறது. பால்மரக் காடும் செம்பனை நிழலும் அதற்கு ஏற்ற வீடு.

பூனையின் வயிற்றில் இன்னொரு குடித்தனமும் உண்டு. அது நீண்ட வெள்ளை நிற உருண்டைப் புழு. நாய், பூனைகளின் இவ்வகைப் புழு முட்டைகளை மண்ணோடு விழுங்கிய பிள்ளைகளின் ஈரலிலும் நுரையீரலிலும், சில வேளை கண்ணிலும், குஞ்சுப் புழுக்கள் வழி தெரியாமல் அலைகின்றன. இதை 1952-இல் அமெரிக்காவின் பீவர் என்பவர் விளக்கினார். மலேசியப் பூனைகளில் இருந்த ஒருவகையை நெடுங்காலம் நாய்ப் புழு என்றே நினைத்தார்கள்; 2001-இல்தான் அது தனி இனம் என்று கண்டு 'மலேசியென்சிஸ்' என்று பெயரிட்டார்கள்.

இந்த முட்டைகள் விழுந்த உடனே தொற்றுவதில்லை. மண்ணில் சில வாரம் முதிர வேண்டும். ஆகவே பூனையைத் தொட்டதும் பதறுவதைவிட, ஆயாக் கொட்டகை வாசலில் குவித்த மணலை மூடி வைப்பதும், பூனையின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், கொல்லைக் கீரையை நன்றாக அலசுவதும் பயன் தரும். பூனைக்குப் புழு மருந்து கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும். பூனையின் உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடுகிறது. அதனால் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வார வயதிலேயே மருந்து தொடங்குகிறார்கள். அதே நாளில் தாய்ப்பூனைக்கும் கொடுக்கிறார்கள்.