குழிக்கணக்கு

திருவில்லிபுத்தூரிலும் அதன் தென்மேற்கேயுள்ள இராசபாளையத்திலும் வீடு கட்டுவிப்போர், கொத்தனாரோடு கூலி பேசுங்கால், நூறு சதுர அடியை ஒரு ‘சதுரம்’ என வழங்குவர். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள ஓர் அறையின் தரை 120 சதுர அடி. அதன் உயரமும் பத்தடியாயின் நான்கு சுவர்களும் 440, மேற்றளம் 120. எல்லாங் கூடி 680 சதுர அடியாம். அடி ஆங்கிலேயர் அளவாயினும், நீளத்தை அகலத்தாற் பெருக்கிப் பரப்புக் காணும் முறை தமிழர்க்குப் புதிதன்று.

இப்பரப்பினை முன்னோர் குழி என்றனர். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடையது ஒரு குழி. தஞ்சை வழக்கில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. பன்னிரண்டடிக் கோலாயின் குழியொன்று 144 சதுர அடியும், வேலியொன்று 2,88,000 சதுர அடியும் ஆம். திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியோடு குழிமாற்றையும் நெட்டுருச் செய்தது இக்கணக்கின் பொருட்டே. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், வட்டமான நிலத்திற்குச் சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்குக என விதிக்கும். இக்காலக் கணித நூல்களும் இதனின் வேறு கூறா.

ஆயினும் கோல் எங்கும் ஒன்றாயிருந்ததில்லை. பன்னிருசாண் கோலும் உண்டு. பதினறுசாண் கோலும் உண்டு. முன்னதன் குழி 144 சதுரச்சாண். பின்னதன் குழி 256. நூறு குழி தேவதானம் என்று மட்டும் எழுதிக் கோலை எழுதாதொழியின், இறைவனுக்கு விட்ட நிலம் ஏறக்குறையப் பாதியாய்க் குறுகவும் இடமுண்டு. இதுபற்றியே சாசனங்கள் பல இன்ன கோல் என்று விதந்து கூறின. கோயிற் கற்களிலும் கோலின் நீளம் வெட்டப்பெற்றது. திருப்பணி செய்வோர் அதனை வெறுங்கீறல் என்றெண்ணிச் சுண்ணம் பூசுவராயின், ஓர் ஊரின் அளவையே மறைந்தொழியும்.

முதலாம் இராசராசன் காலத்தே, ஏறத்தாழ கி.பி. 1001-இல், சோழநாட்டு நிலம் அளக்கப்பெற்றது. வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை அக்கணக்குச் சென்றது என்பர். இந்நுண்மை கோலாற் கண்டதன்று; ஏட்டிற் பின்னங்களைப் பெருக்கியதால் வந்தது. அதனினும் வியக்கத்தக்கது வேறொன்று. பெரிய கோயிற் சாசனங்கள் ஊர்ப்பரப்பைச் சொல்லி, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்தே இறைகட்டும் நிலத்தைக் கூறும். சுவர்ப்பரப்பில் வாயிலையும் பலகணியையும் கழித்துப் பூச்சுக்கூலி கணக்கிடுதலும் இம்முறையதே.

இனி, மூலை கோணிய இடத்திற்கு யாது செய்வது? எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி அரையாக்கித் தம்முட் பெருக்குதல் பழைய எளிய வழி. பிரமகுப்தர் கி.பி. 628-இல் இயற்றிய நூலில் இதனைத் தூலம் என்று கூறி, சூக்குமத்திற்கு வேறு விதி தந்தார். தூலவிதி மெய்ப்பரப்பினும் மிகுத்துக் காட்டுமேயன்றி ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆகவே இறைகட்டும் உழவனுக்கு இழப்பு; கூலி பெறும் கொத்தனாருக்கு ஊதியம்.

நான்கு பக்கமும் 25 அடியாய், ஒருபுறம் 7 அடி சாய்ந்த அறையைக் கொள்க. தூலவிதிப்படி அதன் தரை 625 சதுர அடி. மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் ஒரு கர்ணம் 40 அடியும் மற்றது 30 அடியுமாய் வேறுபடும். மூலைமட்டம் பிழையாத அறைக்கு இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். பக்கங்கள் நான்கும் ஒத்தமையின் அக்கர்ணங்களைத் தம்முட் பெருக்கிப் பாதி கொள்ள, மெய்ப்பரப்பு 600 சதுர அடியேயாம். மிகையாய் நின்ற 25 அடிக்கும் தளக்கல் வாங்கினோர் பிறகு கணக்குப் பார்த்துப் பயனில்லை.