வீங்கிய காலும் கன்றிய தோலும்

முதிய வயதில் புற்றுநோயால் வருந்துவோர் சிலரிடம் இரண்டு குறிகளைக் காணலாம். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலிக்கும். வேறு சிலருக்கு, அடிபட்ட நினைவே இல்லாமல் தோல் கன்றி நீலம் பாரித்திருக்கும். முதலாவது, இரத்தம் உறையக்கூடாத இடத்தில் உறைவதால் வருவது. இரண்டாவது, உறைந்து அடைபட வேண்டிய இரத்தம் தோலுக்கடியில் கசிவதால் வருவது. நேர் எதிரான இவ்விரண்டும் ஒரே நோயாளியிடம் எப்படித் தோன்றுகின்றன? இதற்கு விடை கண்ட வரலாறு சுவையானது.

பாரிஸ் மருத்துவரின் கண்டுபிடிப்பு

காலின் சிரைகளில் உண்டாகும் உறைகட்டி, பெயர்ந்து சென்று நுரையீரலின் இரத்தக் குழாயை அடைக்கக்கூடும் என்பதை 1840களில் ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ காட்டினார். ஆயினும் அதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை வலியுறுத்திக் கூறியவர் பாரிஸ் நகரின் பேராசிரியர் அர்மான் துருசோ. வயிற்றில் மறைந்திருக்கும் நோய் இன்னதென்று தெரியாத நிலையில், காரணமின்றிக் காலில் சிரை உறைந்து வீங்கினால், அது புற்றுநோயாக இருக்கும் என்று 1865இல் தம் விரிவுரையில் அவர் விளக்கினார்.

இரண்டே ஆண்டுகளில் அக்குறி அவர் உடலிலேயே தோன்றியது. தமக்கு வந்திருப்பது இன்னதென்று துருசோ உடனே உணர்ந்துகொண்டார். 1867இல் இரைப்பைப் புற்றுநோயால் அவர் காலமானார்.

உறைவதற்குக் காரணம் என்ன?

புற்றணுக்கள் பல, இரத்தம் உறைவதைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. கட்டி சிரையை அழுத்துவதும், நோயாளி நெடுநாள் படுக்கையில் கிடப்பதும் இரத்த ஓட்டத்தைத் தளர்த்துகின்றன. இவையெல்லாம் ஒன்றுசேரும்போது உறைகட்டி எளிதில் உருவாகிறது.

மாடுகள் தந்த மருந்து

1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜே மக்லீன் என்னும் மாணவர் இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடினார். அவருக்குக் கிடைத்ததோ உறையாமல் தடுக்கும் பொருள்! அந்த ஆய்விலிருந்தே ஹெப்பாரின் என்னும் ஊசி மருந்து பிறந்தது.

1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. பூஞ்சணம் பிடித்த க்ளோவர் தீவனமே காரணம் என்று தெரிந்தது. 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு, உறையாத இரத்தத்தை ஒரு பால் பாத்திரத்தில் கொண்டுவந்தார் ஒரு விவசாயி. வேதியியல் அறிஞர் கார்ல் லிங்க் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து அந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின், முதலில் எலிகளைக் கொல்லவும், 1954 முதல் மனிதருக்கு மருந்தாகவும் பயன்பட்டது.

தராசின் இரு தட்டுகள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். உறைதலைத் தடுக்கும் மருந்து அளவு மிஞ்சினால் தோல் கன்றும். புற்றுநோய்க்கான மருந்துகள் சில எலும்பு மச்சையைத் தாக்கி, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாலும் கன்றும். முதுமையில் தோல் மெலிந்திருப்பதால் இது இன்னும் எளிது. உறைதலும் கசிதலும் ஒரே தராசின் இரு தட்டுகளே.

எனவே சரியான மருந்தைத் தேர்வது இன்றியமையாதது. புற்றுநோயாளிகளிடம் நடந்து, 2003இல் வெளியான ஓர் ஆய்வில், வார்ஃபரின் போன்ற மாத்திரை பெற்றோரில் 17 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் மீண்டும் உறைகட்டி வந்தது. சிறிய மூலக்கூறு கொண்ட ஹெப்பாரின் ஊசி பெற்றோரில் அது 9 விழுக்காடே. பின்னர்ப் புதிய வகை மாத்திரைகளும் வந்துள்ளன.

வீட்டில் முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் இருந்து, ஒரு கால் மட்டும் வீங்கினால், களைப்பு என்று எண்ணி எண்ணெய் தடவித் தேய்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. புதிதாகத் தோல் கன்றினாலும் தெரிவியுங்கள். மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். துருசோவின் காலத்தில் இக்குறியை அறியத்தான் முடிந்தது. இன்று மருந்தும் இருக்கிறது. காலம் கடத்தாமல் இருப்பதே நம் கடமை.