மேகத்துக்குள் மறைந்த மலை: விமான விபத்துக் களத்தை வாசிக்கும் கலையின் வரலாறு

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் கண்ணை மறிப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலைத்தொகுதியின் மறுபக்கம் வருசநாடு, மேகமலை எனத் தேனி மாவட்டத்துக்குள் இறங்குகிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவானபோது இரு பக்கமும் ஒரே பெயருக்குள் வந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் இந்த முகடுகளை மூடிக்கொள்ளும். அடிவாரத்து விவசாயிக்கு அது நல்ல சேதி. விமானிக்கு அப்படியல்ல.

1971 டிசம்பர் 9. வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். மதுரையில் தரையிறங்கக் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் ஒன்று, இந்த மலைகளின் தேனிப் பக்கமுள்ள சின்னமனூர் அருகே மலையில் மோதியது. மதுரை விமான நிலையம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். பகல் நேரம்தான், ஆனால் எதிரே இருப்பது தெரியாத வானிலை.

பழுதில்லாத விமானம், விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவர் அறியாமல் தரையிலோ மலையிலோ மோதுவது விபத்து வகைகளில் தனி இனம். களத்தில் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. புலனாய்வாளர் முதலில் தேடுவது நான்கு முனைகளை: மூக்கு, வால், இரு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் கிடந்தால் விமானம் முழுதாகவே வந்து மோதியிருக்கிறது. ஒன்று மட்டும் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தால் வானத்திலேயே உடைந்திருக்கிறது. அடுத்து மரங்கள். வெட்டுப்பட்ட கிளைகளின் உயரத்தை வரிசையாக அளந்தால் விமானம் எந்தச் சாய்வில் வந்தது, இறக்கைகள் சமநிலையில் இருந்தனவா என்பது தெரியும். சுழல்விசிறியின் தகடுகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பது மோதிய கணத்தில் இன்ஜின் இழுத்துக்கொண்டிருந்ததா, ஓய்ந்திருந்ததா என்பதைக் காட்டிவிடும். எச்சரிக்கை விளக்குகளின் சின்ன பல்புகூடச் சாட்சிதான்: எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருப்பதால் மோதலில் நீண்டுவிடும், அணைந்திருந்த பல்பின் இழை பெரும்பாலும் வெறுமனே முறியும்.

இந்தக் கலையின் வரலாற்றில் இந்திய மண்ணுக்கு ஒரு முக்கிய இடமுண்டு. நாம் அதை அதிகம் பேசுவதில்லை. 1953 மே 2 அன்று கல்கத்தா டம்டம்மிலிருந்து கிளம்பிய கோமெட் ஜெட் விமானம் ஆறே நிமிடத்தில் புயல்காற்றில் சிதறியது. 43 பேரும் மாண்டார்கள். பாகங்கள் ஜகல்கோரி கிராமத்தைச் சுற்றிப் பரந்து கிடந்தன. விமானத்தின் கட்டுமானம் வானிலேயே உடைந்தது என்று இந்திய விசாரணை கண்டது. பழியோ பெருமளவு சூறைக்காற்றின் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே இன்னொரு கோமெட் கடலில் விழுந்தது. பிரிட்டன் கடலடியிலிருந்து துண்டுகளை அள்ளி ஃபார்ன்பரோவில் மீண்டும் விமானமாக அடுக்கியது. வேறொரு கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தது. கூரைத் திறப்பு ஒன்றின் மூலையில் தொடங்கிய உலோகச் சோர்வு விரிசல் அப்போதுதான் பிடிபட்டது. சிதைவுகளை அடுக்கிப் பார்ப்பது உலகப் பழக்கமானதற்கு அந்த விசாரணையே முன்மாதிரி.

கோமெட் விசாரணையில் பங்கேற்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன், விமானி அறைப் பேச்சு பதிவாகியிருந்தால் இத்தனை ஊகம் தேவைப்பட்டிருக்காதே என்று யோசித்ததில் பிறந்தது கருப்புப் பெட்டி. எளிதில் கண்ணில் படுவதற்காக அதற்கு அடிப்பது ஆரஞ்சு வண்ணம். ஊர் வழக்கில் மட்டும் இன்னும் கருப்புதான்.

மலையில் மோதுவதைத் தடுக்கும் கருவி இன்னும் தாமதமாகவே வந்தது. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மேன் வடிவமைத்த தரை நெருக்க எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது, 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகு. சின்னமனூர் விபத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

கருவிகள் வந்தும் மேகம் தன் வேலையை நிறுத்தவில்லை. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிர் தப்பியிருந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து இறந்தார். பதிவுப் பெட்டி மறுநாள், டிசம்பர் 9 அன்று, கிடைத்தது. சின்னமனூர் விபத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டு.

ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையிலான முப்படை விசாரணை, பதிவுகளை ஆராய்ந்து, சாட்சிகளை விசாரித்து, இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றையும் விலக்கியது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்கு மேல் கீழ் தெரியாத தடுமாற்றம் ஏற்பட்டுத் தரையில் மோதியது என்பது 2022 ஜனவரியில் வெளியான முதற்கட்ட முடிவு. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் காரணம் 'மனிதத் தவறு' என்று சுருங்கியது. ஒரு பள்ளத்தாக்கின் வானிலையை இரண்டே சொல்லில் அடைப்பது விசாரணைக்கு நியாயம் செய்வதாகாது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்ற பின்னிணைப்பு 13, இத்தகைய விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவதல்ல என்கிறது. ராணுவ விபத்துகளுக்கு அது பொருந்தாது. பயணிகள் விமானங்களுக்கோ, 2012 வரை விதிகளை அமல்படுத்தும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே பெரும்பாலான விபத்துகளையும் விசாரித்தது. அந்த ஆண்டில் விமான விபத்து புலனாய்வுப் பணியகம் தனியாகப் பிரிந்தது. ஆனாலும் இரண்டும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான். அமெரிக்கா தன் விசாரணை வாரியத்தைப் போக்குவரத்துத் துறையிலிருந்து 1975லேயே முழுமையாக விடுவித்துவிட்டது. அந்த அடியை நாமும் எடுத்துவைக்க வேண்டும்.

1937ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே ஒரு விதி இருந்தது: உயிர்களை மீட்க, தீயைத் தடுக்க, பொதுமக்களுக்கான ஆபத்தை நீக்க என்ற காரணங்களுக்காக அன்றி, அனுமதியில்லாமல் சிதைவுகளை நகர்த்தக் கூடாது. பிற்காலப் புலனாய்வு விதிகளிலும் அது தொடர்கிறது. மலையடிவாரத்தில் வாழ்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. முதலில் ஆட்களைக் காப்பாற்றுங்கள். பிறகு, வளைந்த தகடானாலும் உடைந்த பல்பானாலும், கிடந்த இடத்திலேயே விட்டுக் காவல்துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.