செல்லாக் காசின் விலை

நாணயம் சேர்ப்பவன் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், எரியோட்டில் யார் வீட்டுப் பரணில் பழங்காசு அகப்பட்டாலும் நம்மிடம் வந்துவிடும். "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" கேள்வி அது ஒன்றுதான். பெரும்பாலும் வருவது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்தது. வயது ஏறக்குறைய எண்பது, விலையோ அற்பம். கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியதை யார் தேடப் போகிறார்கள்? அதே ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் என்றால் கதையே வேறு. அது அகப்படுவது அவ்வளவு அரிது.

ஆக, வயசும் உலோகமும் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதே கணக்கு. (தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும்.) 'பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டமும் உண்டு. 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் சந்தை போடுகிற விலை. சரித்திரம் போடும் விலை தனி.

சங்ககால மூவேந்தர் தங்கள் பெயரில் காசு வெளியிட்டதற்குச் சான்றில்லை என்று அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1980களில் நாணயச் சேகரிப்பாளரும் தினமலர் ஆசிரியருமான டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி (2021இல் மறைந்தார்) கைக்கு ஒரு சதுரச் செப்புக்காசு வந்தது. ஒரு பக்கம் குதிரை, அதன் மேலே பழந்தமிழ் எழுத்தில் 'பெருவழுதி'. மறுபக்கம் மீன் சின்னம். எடைக்குப் போட்டால் டீக்குக்கூடக் காணாத செம்பு அது. அந்த ஐந்து எழுத்து, பாண்டியருக்குக் காசு இருந்தது என்று காட்டிவிட்டது.

சேரர் காசுகள் கிடைத்த இடம் நமக்கு இன்னும் பக்கம். எரியோட்டில் ரயில் ஏறினால் அடுத்த பெரிய ஊர் கரூர். அங்கே அமராவதியில் வெள்ளம் வடிந்ததும் மணலைச் சலிப்பவர்களுக்குக் குறி பொன் துணுக்குதான். கூடவே காசுகளும் அகப்பட்டன. வியாபாரிகள் கைமாறி அவை சேகரிப்பாளர்களிடம் வந்தபோது, 'மாக்கோதை' என்ற பெயரும் அரசன் முகமும் பொறித்த வெள்ளிக்காசு வெளிப்பட்டது. 'கொல்லிப்புறை' காசும் வந்தது. அந்த ஆர்வலர்கள் வாங்கியிராவிட்டால் இவை உருகியே போயிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் ஆற்று மணலில் மண்ணடுக்கு ஏது? கடை வழியாக வந்ததற்கோ கிடைத்த இடமே தெரியாது. காலம் கணிக்க எழுத்தின் வடிவத்தையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. தகராறு அங்கேதான்.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளைப் பாருங்கள். மொத்தம் 501. ஒரே புதையலாகப் பதிவானதால், கடைசிக் காசுகள் வெஸ்பேசியன் காலத்தவை என்று தெரிந்தது. எனவே புதைத்தது அதற்கு முன்னால் இருக்க முடியாது. பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. சந்தையில் அது சேதாரம். இனி இது காசு அல்ல, வெறும் பொன் என்று காட்டப் போட்ட வெட்டு என்பார்கள் ஆய்வாளர்கள். அந்தச் சேதாரம்தான் அங்கே சரித்திரம்! இந்த 501ஐயும் ஆளுக்கொன்றாக விற்றிருந்தால் இதில் எதுவும் நமக்குத் தெரிந்திராது.

பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஏர் ஓட்டுகிறவருக்கு அது எங்கே தெரியும்? தெரிந்தாலும் 'நிலத்தையே எடுத்துக்குவாங்களோ' என்ற பயம். தட்டார் உலை அதற்குள் முந்திக்கொள்கிறது. நம் பழைய மாணவர்களில் வி.ஏ.ஓ., தாசில்தார் வேலையில் இருப்பவர்கள் உண்டு. உங்கள் பகுதியில் பானை ஏதும் கிளம்பினால், காசை எண்ணுவதற்கு முன்னால் அது கிடந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.