கைப்பிடி அரிசியும் கற்கோபுரமும்



திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்பகுதியில் ஓடும் பேருந்துகளின் பெயர்ப் பலகைகளை நீங்கள் ஊன்றிப் படித்ததுண்டா? முதலூர், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம், நாசரேத், சாயர்புரம், டோனாவூர் என்று வரிசையாக வரும். கல்வெட்டைப் படிப்பது போலவே ஊர்ப் பெயரையும் படிக்கலாம் என்று வகுப்பறையில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். மேற்சொன்ன பெயர்களில் மன்னர் பெயர் இல்லை. மலையும் ஆறும் இல்லை. இருக்க இடமின்றி வெளியேறியவர்கள் புதிதாய் நிலம் வாங்கிக் குடியேறி, தாமே சூட்டிக்கொண்ட பெயர்களும், அவர்களுக்கு உதவினோர் சூட்டிய பெயர்களும் அவற்றுள் கலந்துள்ளன.

முதலூரின் கதை இதற்குத் தொடக்கம். சாத்தான்குளத்துப் பக்கத்தவரான தாவீது சுந்தரானந்தம் என்பவர் தஞ்சைக்குச் சென்று கிறிஸ்தவராகித் தம் உறவினரிடமே உபதேசியாராகத் திரும்பி வந்தார். அவர் சொற்கேட்டுச் சமயம் மாறியோரைப் பழைய ஊர் பொறுக்கவில்லை. ஆகவே 1799ஆம் ஆண்டில் வேறு நிலம் வாங்கிச் சில குடும்பங்கள் குடியேறின. அதுவே முதல் ஊர், ஆகையால் முதலூர். இன்று அப்பெயரைக் கேட்டதும் மஸ்கோத் அல்வா நினைவுக்கு வருவோரே மிகுதி. அதனால் குற்றமில்லை, அல்வாவும் சரித்திரத்தின் ஒரு பகுதிதான்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இம்முறையை விரிவாக்கினார். அந்நாளில் பனையேறும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் மரமும் சொந்தமில்லை, மனையும் சொந்தமில்லை. நிலக்கிழார் சினந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதே. சமயம் மாறுவது சினத்துக்கு ஒரு காரணமாயிற்று. இதற்கு மாற்றாக 1830இல் தரும சங்கம் என்றோர் அமைப்பு ஏற்பட்டது. நன்கொடை திரட்டி நிலம் வாங்கி, ஆதரவற்றோரைக் குடியமர்த்துவது அதன் வேலை. புரூசிய நாட்டுப் பிரபுவான டோனா அளித்த பொருளால் கோயில் எழுந்த ஊர் டோனாவூர் ஆயிற்று. நிலத்தை வாங்கித் தந்த சாயர் என்னும் வணிகரின் பெயரால் சாயர்புரம் விளங்குகிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடையாளர் பெயர் ஊரின் பெயராகி நிலைத்துவிட்டது. உபதேசியார்களின் பெயர்களோ, ஒரு சிலவற்றைத் தவிர, மறைந்தே போயின. ஆனால் சபையை அன்றாடம் தாங்கியவர்கள் அவர்களே. ஐரோப்பியக் குருமார் ஒருவரின் பொறுப்பில் பற்பல சிற்றூர்கள் இருக்கும். அவர் மாட்டுவண்டியிலோ குதிரையிலோ எப்போதேனும் ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ஒருவரே ஊருக்கு எல்லாம். காலையில் மணியடித்து ஜெபம் நடத்துவார். பகலில் அதே ஓலைக்கூரையின் கீழ்ப் பிள்ளைகளுக்கு மணலில் அகரம் எழுதிக் காட்டுவார். மாலையில் நோயாளியைப் பார்ப்பார். இரவில் அண்ணன் தம்பி பாகப் பிரிவினை வழக்கைத் தீர்ப்பார். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பல்லாண்டு பணிபுரிந்த நான், இத்தனையையும் ஒருவர் சுமந்தார் என்பதை எண்ணி வியப்பதுண்டு. எனக்கு நாற்பது பிள்ளைகளும் ஒரு கரும்பலகையுமே போதிய பாரமாயிருந்தன.

ஊரின் நாட்குறிப்பைப் பனைமரமே வகுத்தது. பதநீர் இறங்கும் மாதங்களில் ஆடவர் விடியுமுன்னே தேரிக்காட்டுக்குப் போய்விடுவர். ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இருமுறை ஏறி இறங்க வேண்டும். பெண்கள் விறகு சேர்த்துப் பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்ப்பர். இந்த உழைப்புக்கிடையேதான் கோயில் மணி ஒலித்தது.

இத்தகைய ஊரில் உபதேசியாருக்குச் சம்பளம் தருவது யார்? தொடக்கத்தில் சீமையிலிருந்து வந்த பணமே தந்தது. எக்காலமும் அவ்வாறே நடத்தலாகாது என்பதைச் சங்கத்தாரும் உணர்ந்தனர். சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலராயிருந்த ஹென்றி வென் என்பார், நாட்டுச் சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். இலண்டனில் கொள்கை எழுதுவது எளிது. அதைத் தேரிக்காட்டில் நடத்திக் காட்டியது கைப்பிடி அரிசி.

அதன் முறை இதுதான். அடுப்பில் உலை கொதிக்கும். அரிசியைக் களையுமுன் வீட்டுத் தலைவி ஒரு பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவாள். வாரந்தோறும் அக்கலயங்கள் கோயிலுக்கு வரும். அரிசியை அளந்து விற்றுக் கணக்கில் சேர்ப்பர். சோறே அரிதான வீட்டில் அந்த ஒரு பிடியின் கனம் எவ்வளவு என்பதைப் பசித்தவர் அறிவர். கருப்புக்கட்டியும் கோழிமுட்டையும் முதற்காய்த்த பூசணியும் இவ்வாறே காணிக்கையாயின. காசு கையில் புழங்காத பெண்ணுக்கும் சபையின் வரவுசெலவில் ஒரு பங்கு கிடைத்தது இதனால்தான். பங்கு தந்தவள் கேள்வியும் கேட்பாள் அல்லவா?

மாணவர்கள் நேரிற் காணத்தக்கவை இரண்டு கோயில்கள். மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் 1844இல் அடிக்கல் நாட்டி 1847இல் பிரதிஷ்டை செய்த பரிசுத்த பவுல் ஆலயம் ஒன்று. பின்னர் முடிந்த அதன் கோபுரம் 192 அடி உயரம். மற்றொன்று இடையன்குடியின் பரிசுத்த திரித்துவ ஆலயம். 1841இல் அவ்வூருக்கு வந்த கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய வேலை, 33 ஆண்டுகளுக்குப் பின் 1880இல்தான் நிறைவேறியது. 1891இல் மறைந்த அவர் அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். 1856இல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலைப் பாடப்புத்தகம் உங்களுக்குச் சொல்லும். அவர் துணைவியார் எலிசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்துக் கூலிக்கு வழி காட்டியதைப் பெரும்பாலும் சொல்லாது.

பாடப்புத்தகம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. 1849இல் கால்டுவெல் ஐயர், தாம் பணிபுரிந்த மக்களைப் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தோராக அது அவர்களைக் காட்டியது. அவரிடம் நன்றி பாராட்டிய மக்களே அதைப் படித்துக் கொதித்தனர். அக்கொதிப்பு நியாயமானது என்பதே என் துணிபு. குருமாரின் அதிகாரத்தோடு ஏற்கெனவே பிணங்கியிருந்த சட்டம்பிள்ளை என்னும் கல்விமான், 1857இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலையீடில்லாத தனிச் சபை கண்டார். ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமையே அவர்களுக்கு ஓய்வுநாள். வழிபாட்டில் அந்நிய வழக்கங்களை விலக்கினர். அச்சபை பெரிதாய் வளரவில்லை. எனினும், ‘இது எங்கள் கோயில், எங்களைப் பற்றிப் பேசும் உரிமை யாருடையது?’ என்ற வினாவை எழுப்பிவிட்டது.

அவ்வினா ஊருக்குள்ளும் திரும்ப வேண்டியிருந்தது. ஞானஸ்நானத்தோடு சாதி கரைந்துவிடவில்லை. பல சபைகள் ஒரே சாதியாரின் சபைகளாயிருந்தன. கலந்திருந்த இடங்களில் இருக்கைக்கும் கல்லறைக்கும் வழக்கெழுந்தது. அசனம் எனப்படும் பொதுவிருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்டது பெருமைதான். பந்தி முடிந்தபின் ஒரே தெருவுக்குத் திரும்பினரா என்று கேட்பதும் சரித்திர மாணவன் கடமை.

வெள்ளாளன்விளையில் கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாக 1874இல் பிறந்தவர் வே. ச. அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் பொருளால் தாமே தமிழகத்துக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டு வந்தார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பொருள், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் விதி. பனங்காட்டுச் சபைகளின் காணிக்கை அப்போது ஐதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் பகுதிக்குச் சென்றது. தெலுங்கைப் புதிதாய்க் கற்று அங்கே குடியேறிய அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1939இல் அவர் அங்கு எழுப்பிய பேராலயத்தில் கோபுரமும் குவிமாடமும் நம் நாட்டுச் சாயலிலேயே அமைந்தன. சட்டம்பிள்ளை அதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

இப்போது பனையேறுவோர் அருகிவிட்டனர். பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வேலை செய்கின்றனர். ஆயினும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊர் திரும்புகின்றனர். காணிக்கையாய் வந்த வாழைத்தாரும் முருங்கைக்கட்டும் அன்று கோயில் முற்றத்தில் ஏலம் போடப்படும். சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் முருங்கைக்கட்டைப் பன்மடங்கு விலைக்குக் கேட்டு எடுப்பார் ஒருவர். எடுத்த கையோடு, மறுபடியும் ஏலம் விடுங்கள் என்று கோயிலுக்கே கொடுத்துவிடுவார்.