கயிற்றின் மறுமுனை: முத்துக்குளித்துறையில் வீடும் கருவியும்

கடலை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எழுதுகிறார்கள். கடல் இயற்கை, அது ஆம்பிளைக்கு. வீடு குடும்பம், அது பொம்பளைக்கு. எந்திரமோ இரண்டுக்கும் வெளியிலிருந்து வந்த அந்நியன். 'நெய்தல் மரபு' என்று நாம் கொண்டாடும் வாசிப்பில் இந்தத் தடுப்புச் சுவர்கள் கேள்வியின்றி நிற்கின்றன.

நற்றிணையின் 45ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தேருடைய செல்வனின் மகனைத் தோழி திருப்பி அனுப்புகிறாள். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிறவர்கள் நாங்கள், எங்கள்மேல் புலால் நாறும் என்கிறாள். காதல் துறையாக மட்டும் படித்துப் பழகிய நமக்கு, அவள் மீனைக் கெடாமல் காக்கும் ஒரு தொழில்நுட்பத்தின் நடுவே நிற்பது கண்ணில் படுவதில்லை.

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. குளியாளிடம் இருந்த கருவிகள் ஆழத்துக்கு இழுக்கும் கல், சிப்பி போட ஒரு வலைப்பை, ஒரு கயிறு, அடக்கிய மூச்சு. படகில் கயிறு பிடிக்கிறவன் மச்சானாக, பெண்டாட்டி கூடப்பிறந்தவனாக இருக்கணும் என்பார்கள் இந்தக் கரையில். தங்கச்சி தாலியறுக்க எவனுக்கு மனசு வரும்? அதாவது உறவுமுறையே இங்கே பாதுகாப்புக் கருவி. கயிற்றின் இரு முனையிலும் ஆண்கள். அதை நம்பத்தக்கதாக்குகிறவள் படகிலேயே இல்லாத ஒருத்தி.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலை லாஞ்சுக்கும் வள்ளத்துக்குமான மோதலாக, எந்திரத்துக்கும் இயற்கைக்குமான மோதலாக வாசிப்பது எளிது. ஆனால் வள்ளமும் மனிதர் செய்த கருவிதானே? அதை விற்கச் சொல்லும் மகனுக்கும் மறுக்கும் குரூஸ் மிக்கேலுக்கும் நடக்கிற சண்டை வீட்டுச் சண்டை. தொழில்நுட்பம் கரைக்கு வரும்போதே வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

இன்று சங்கு குளிக்கிறவர்களில் பலர் கம்ப்ரசர் காற்றைக் குழாய்வழி சுவாசித்து இறங்குகிறார்கள். மூச்சு விதித்த எல்லை போய்விட்டது. கூடுதல் ஆழம், கூடுதல் நேரம். சட்டென்று மேலேறினால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகும்; கைகால் விழலாம், உயிரும் போகலாம். முடங்கினவனைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டுவது யார்? அந்த உழைப்பு மீன்வளக் கணக்கிலும் வராது, கடலைப் பாடும் கவிதையிலும் வராது.

குளியாளோடு கடலடிவரை போய்ப் பார்த்த நம் எழுத்து, அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிவரை வரட்டும். அங்கேயும் கடல்தான் இருக்கிறது.